மண் வீடு கட்ட ஆசையா? முதலில் கூரையைப் பாருங்கள்

மண் வீடு என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது சுவர்தான். பூச்சு இல்லாமல், செம்மண் நிறத்தில், ஒருமுறை தடவிப் பார்க்கலாமா என்று தோன்றும் சுவர். இணையத்தில் சுற்றும் படங்களும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் நம்மைப் போன்ற வெயில் பூமியில் வீட்டுக்குள் சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதில் சுவருக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் கூரைக்கு. சுவரை மண்ணில் எழுப்பிவிட்டு மேலே வெறும் காங்கிரீட் தளம் போட்டால், மே மாதத்து இரவில் அந்த வீட்டுக்கும் பக்கத்து ஹாலோ பிளாக் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

காரணம் எளிது. குமரியிலிருந்து சென்னை வரை நாம் இருப்பது வடக்கே 8 முதல் 13½ பாகைக்குள். ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்ட்டை ஒட்டி ஒருமுறை, நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. ஆகவே காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை வெயிலின் பெரும்பங்கு மொட்டை மாடியில்தான் விழுகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களில் சாய்வாகப் படுவதை இரண்டடி சன்ஷேடே தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. காலை, மாலை வெயில் தாழ்ந்து நேராக அடிப்பதால் அங்கே சன்ஷேடு பேருக்குத்தான் இருக்கும்.

ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் மேலே வாங்கிய சூட்டை மூன்று நாலு மணி நேரத்தில் கீழே இறக்கிவிடும். பிற்பகல் இரண்டு மணி வெயில் ஆறு மணிக்கு மேல் அறைக்குள் இறங்கத் தொடங்குகிறது. வெளியே காற்று தணிந்திருக்கும். உள்ளே மின்விசிறி மேலேயுள்ள சூட்டை நம் மேல் தள்ளிக்கொண்டிருக்கும். ஏசி வாங்கும் முடிவைப் பல வீடுகளில் எடுப்பது இந்தத் தளம்தான்.

அதனால் இயற்கைப் பொருளில், குறைந்த செலவில் வீடு கட்ட நினைப்பவர் கவலைப்பட வேண்டிய வரிசை இது: முதலில் கூரை, அடுத்து நிழலும் காற்றும், அதன் பிறகு சுவர். இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகும். ஆனால் மண் என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை சுலபம்.

மண் சுவர் குளிர்ச்சி தருமா?

மண் சூட்டைத் தடுத்து நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. ஓரடி கனமுள்ள மண் சுவரின் வெளிப்பக்கம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொதித்தால், அந்தச் சூட்டின் உச்சம் உள்பக்கத்தைத் தொடுவதற்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் இரவு பத்து மணி. வெளியே குளிர்ந்துவிட்டதால் ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்தச் சூடும் கலைந்து போகும். விடியற்காலையில் சுவர் குளிர்ந்து, மறுநாள் பகலைத் தாங்கத் தயாராக நிற்கும். பகலில் ஜன்னலை மூடி, இரவில் திறந்துவைக்கும் பாட்டிமார் பழக்கத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவர். கெய்ரோவில் 1964இல் வெவ்வேறு பொருள்களில் சோதனை அறைகள் கட்டி வெப்பத்தை அளந்தார்கள். பச்சைக் கல்லில், அதாவது சுடாத மண் கல்லில், குவிமாடக் கூரையோடு கட்டிய அறைக்குள் நாள் முழுக்க வெப்பம் ஏறி இறங்கியது 2 டிகிரி அளவுக்குத்தான். காங்கிரீட் பலகைகளால் செய்த அறை 36 டிகிரி வரை போனது, வெளியே இருந்ததைவிட 9 டிகிரி அதிகம். மண் வீட்டு ஆர்வலர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த மண் சுவரின் கனம் 50 செ.மீ., காங்கிரீட் பலகையின் கனம் 10 செ.மீ. என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அங்கே ஜெயித்ததில் மண்ணுக்குப் பாதிப் பங்கு, கனத்துக்குப் பாதிப் பங்கு. கூரையும் மண் கல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று, கெய்ரோ வறண்ட ஊர். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் பெரிது. இந்த வித்தியாசம்தான் மண் சுவரின் மூலதனம். தருமபுரி, சேலம், கோவை, மதுரை மாதிரி உள்நாட்டு ஊர்களில் கோடையில் பகல் உச்சத்துக்கும் விடியற்காலைக்கும் 11, 12 டிகிரி இடைவெளி கிடைக்கும். கனமான சுவர் அங்கே நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் கதை வேறு. மே மாத இரவிலும் 28 டிகிரி, புழுக்கம் வேறு. அங்கே ஒன்றரை அடி மண் சுவர் வைத்தால், அது பகலில் வாங்கிய சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கடலோரத்தில் தேவை கனம் அல்ல, காற்று. மெல்லிய சுவர், எதிரெதிர் ஜன்னல்கள், சுற்றிலும் தாழ்ந்த நிழல். தஞ்சைக் கடலோரத்துப் பழைய வீடுகள் பாதிச் சுவரும் மீதித் தாழ்வாரமுமாக இருந்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை.

எனவே யாராவது "மண் வீடு எந்த ஊருக்கும் ஏற்றது" என்று சொன்னால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கூரைக்கு என்னென்ன வழி

கீற்றுக் கூரையைப் போல் குளிர்ச்சியான கூரை நம் ஊரில் வேறில்லை. ஓலைகளுக்கு இடையே சிக்கிய காற்றுதான் அதன் வலிமை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும், கட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. வாழும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திண்ணைக்கும் மாடிக் கொட்டகைக்கும் தாராளமாகப் போடலாம். தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் இந்தப் பேச்சுக்கே வெளியே.

ஓட்டுக் கூரை இன்னும் நல்ல தேர்வுதான். மங்களூர் ஓடு மெல்லியது, பகலில் சுடத்தான் செய்யும். ஆனால் ஓட்டு இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறிவிடும், பொழுது சாய்ந்ததும் ஓடு சட்டென்று ஆறிவிடும். அடியில் சீலிங் ஓடு பரப்பி, நடுவே காற்றுக்கு இடம் விட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். செலவு ஓட்டில் இல்லை, மரச் சட்டத்தில். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் தேக்குக்குச் சளைத்ததில்லை. ஆனால் பனையை வெட்ட இப்போது அனுமதி வேண்டும், வெட்டாமலிருப்பதும் நல்லது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் பனஞ்சட்டமும் ஓடும் நிலையும் கதவும் சேர்ந்தே கிடைக்கும். எல்லாவற்றிலும் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள், ஏற்கெனவே ஒரு வீட்டில் நாற்பது ஆண்டு உழைத்துவிட்டு விலைக்கு வரும் பொருள்தான்.

தட்டையான மாடி வேண்டும் என்பவர்களுக்கு நம்மிடம் பேர் சொல்லும் ஒரு முறை இருந்தது: மெட்ராஸ் டெரஸ். சுவர்மேல் தேக்குக் கட்டைகளை ஒன்றரை, இரண்டடிக்கு ஒன்றாகப் பரப்புவார்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கையாக இல்லாமல் நிறுத்திவைத்து, மூலையிலிருந்து குறுக்குவாட்டாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு கல்லும் முன் வைத்த கல்லில் சாய்ந்து நிற்பதால் கீழே சென்ட்ரிங் பலகையே தேவையில்லை. அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிப்பார்கள். கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. சென்னையிலும் செட்டிநாட்டிலும் நூறு வயது தாண்டிய மாடிகள் இன்றும் இப்படி நிற்கின்றன. இன்று இதைக் கட்டத் தெரிந்த கொத்தனாரைத் தேடுவதும் தேக்கு வாங்குவதும்தான் கடினம். எளிய பட்ஜெட்டுக்கு இது ஒத்துவராது.

சாதாரணக் குடும்பத்துக்கு நடைமுறையில் எட்டக்கூடியது ஃபில்லர் ஸ்லாப். தளம் கனம் தாங்கி லேசாக வளையும்போது அதன் மேல்பாதி நசுங்கும், கீழ்ப்பாதி இழுபடும். நசுக்கலைத் தாங்குவதில் காங்கிரீட் கெட்டி, இழுவையில் சோப்ளாங்கி. கீழே இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள காங்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டுமே. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவில் உள்ள இடத்தில் காங்கிரீட்டை எடுத்துவிட்டு மலிவான, லேசான ஒன்றை வைத்தால் என்ன? பழைய மங்களூர் ஓடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைப்பது வழக்கம். மண் கலயத்தையும் கவிழ்க்கலாம். காங்கிரீட் மிச்சம், தளத்தின் எடை குறைவு, எடை குறைந்ததால் கம்பியும் குறையும். ஓடுகளுக்குள் சிக்கிய காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காங்கிரீட்டின் ஈரத்தை அது குடித்துவிடும். கம்பிக் கணக்கை எஞ்சினியர்தான் போட வேண்டும். மேஸ்திரியின் அனுபவத்தை நம்பி இறங்குகிற வேலையில்லை இது.

கூரை எதுவானாலும் மேலே வெள்ளை அடியுங்கள். வெறும் காங்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக அடித்த சுண்ணாம்பு முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பும். தூசு படியப் படிய அது குறையும், அதனால் ஆண்டுதோறும் பங்குனியில் ஒருமுறை. இதைவிட மலிவான குளிர்ச்சி கிடையாது. ஏற்கெனவே காங்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

நிழலும் காற்றும்

வீட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்போது சிறிய சுவர்கள் மட்டும் காலை, மாலை வெயிலில் மாட்டும். மேற்கில் குளியலறை, படிக்கட்டு, சாமான் அறை என்று ஆள் உட்காராத இடங்களைத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் வேம்பு, புங்கன் வையுங்கள். மனை குறுகலாக இருந்தால் இதெல்லாம் பாதிதான் முடியும், தெரிந்ததே.

காற்று உள்ளே வர ஒரு வழி போதாது, போகவும் வழி வேண்டும். பழைய வீட்டு முற்றம் செய்தது அதைத்தான். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போகும்போது திண்ணைப் பக்கத்து நிழல் காற்று உள்ளே இழுக்கப்படும். 500 சதுர அடி வீட்டில் முற்றத்துக்கு இடமில்லை. அதற்குப் பதிலாகச் சுவரின் உச்சியில் கூரையை ஒட்டித் துளைச் செங்கல் சுவர் வைக்கலாம்.

துளைச் சுவர் என்றாலே நினைவுக்கு வருபவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பர்மிங்காமில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் அங்கேயே மறைந்தவர். அந்த நகரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்து வளாகத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்கள் ஜன்னல் வேலையையும் சேர்த்தே செய்கின்றன. வெளிச்சம் வரும், காற்று வரும், மறைவும் இருக்கும், கம்பிக் கிராதிக்கும் மரச் சட்டத்துக்கும் செலவில்லை. கொசு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வலை அடித்துக்கொள்ளலாம்.

காந்தியை மும்பையில் சந்தித்தபோது, கிராமத்து வீடு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும் என்று அவர் சொன்னது தன்னை வழிநடத்தியதாகப் பேக்கர் சொல்வார். இந்த ஐந்து மைல் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். கருங்கல் கிடைக்கும் ஊரில் கருங்கல், செம்மண் ஊரில் மண் கல், நல்ல சூளை இருக்கும் ஊரில் செங்கல். ராஜஸ்தான் கல்லை லாரியில் ஏற்றிவந்து ஒட்டினால், பொருள் இயற்கையானதாக இருக்கலாம், வீடு அப்படியில்லை.

சுவருக்கு எந்த மண்?

மேல் மண் ஆகாது. முதல் ஓரடியில் வேரும் மக்கிய சத்தும் இருக்கும். அதைத் தனியே ஒதுக்கித் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ளதுதான் கட்டட மண். கரிசலில் தனியாகச் சுவர் வைக்க முடியாது. அதிலுள்ள களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். நிலத்திலேயே பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலும் அதையேதான் செய்யும். செம்மண்தான் பொதுவாக ஏற்றது. ஆனால் நிறத்தை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

சோதனைக்கு ஒரு ஊறுகாய் பாட்டில் போதும். அகலமான, நேரான கண்ணாடி பாட்டிலாகப் பாருங்கள். இரண்டடி ஆழத்தில் எடுத்த மண்ணைக் கட்டி உடைத்து, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். கழுத்து வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடிக் குலுக்குங்கள், ஒரு மணி நேரம் விட்டு மறுபடி நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். பொடிக்கல்லும் மணலும் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் வண்டல் படிய ஒரு மணி நேரம் போல ஆகும். களி கடைசி. தண்ணீர் கலங்கலாகவே நின்று, தெளிய ஒரு நாள் பிடிக்கும், சில மண்ணில் இரண்டு நாள். தெளிந்ததும் பாட்டிலின் வெளிப்பக்கம் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் கையில் இருக்கும். சிமென்ட் சேர்த்து அழுத்தும் கல்லுக்குப் பொடிக்கல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்பது ஆரோவில் மண் கட்டடக் கழகம் சொல்லும் நல்ல கலவை. களி கூடினால் மணல் சேர்க்கலாம். களி மிகக் கூடினால் சிமென்ட்டை விட்டுச் சுண்ணாம்புக்குப் போக வேண்டும்.

ஆரோவில்லின் அந்தக் கழகம் 1989இல் தொடங்கியது. அங்குள்ள பார்வையாளர் மையம் அழுத்திய மண் கல்லில் கட்டியது. 1992இல் அதற்கு ஏழைகளுக்கான கட்டடக் கலை விருது கிடைத்தது. விருதின் பெயர் ஹசன் ஃபாத்தி விருது. சும்மா ஒருநாள் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள், நூறு படம் பார்ப்பதற்குச் சமம்.

கல் செய்யும் முறை இதுதான். மண்ணைச் சலித்து, எடையில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு மட்டும் ஈரமாக்கி, கை இயந்திரத்தில் போட்டு நெம்புகோலை இழுத்து அழுத்துவார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. வெளியே வந்த கல்லைச் சில நாள் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, நாலு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு இந்த நாலு வாரத்தை விழுங்குவதுதான் கல் உதிர்வதற்கு முதல் காரணம். இந்தக் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு, எண் 1725. "மண் கல்லா?" என்று முகம் சுளிக்கும் எஞ்சினியரிடம் இந்த எண்ணைச் சொல்லலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20க்கு 25 அடி வீடு, நடுவே ஒரு தடுப்புச் சுவர், உயரம் 9 அடி. கதவு ஜன்னல் போகச் சுமார் 850 சதுர அடிச் சுவர். 24 செ.மீ. சதுரமும் 9 செ.மீ. உயரமும் உள்ள கல் என்றால் ஏறக்குறைய 3,200 கல் வேண்டும். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு நூறு கல் என்று வைத்தால் சுவருக்கான கல்லுக்கு 32 மூட்டை. மண்? 15 அடி நீளம், 10 அடி அகலம், மேல் மண் நீக்கி 6 அடி ஆழம் தோண்டினால் கிடைத்துவிடும். அந்தக் குழியை மூடாதீர்கள். அஸ்திவாரத்தைவிட்டு எஞ்சினியர் சொல்லும் தூரம் தள்ளித் தோண்டி, உள்ளே பூசிவிட்டால் 25,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் மழைநீர்த் தொட்டி. 500 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மி.மீ. பெய்தால் 40,000 லிட்டர் விழுகிறது. வீடும் தண்ணீரும் ஒரே பள்ளத்திலிருந்து.

வேறு எங்கோ மலையடிவாரத்தில் பொக்லைன் வைத்து வெட்டிய செம்மண்ணை லோடு லோடாக வாங்கிக் கட்டினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் வெட்டியது உயர் நீதிமன்றம் வரை போனது. மண்ணும் அள்ள அள்ளக் குறையும் பொருள்தான்.

மழையில் கரையாதா?

கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு பருவமழையிலும் மண் சுவர் இடிந்து ஆள் இறந்த செய்தி படிக்கிறோம். பூசி மழுப்ப எதுவுமில்லை. இடிகிற சுவர்கள் பெரும்பாலும் எப்படிப்பட்டவை? தரையோடு தரையாகக் கல் அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பியவை, கூரை நீட்டம் அரை அடிகூட இல்லாதவை, அடியில் தெருத் தண்ணீர் தேங்குபவை, பல ஆண்டு பராமரிப்பு இல்லாதவை. மண் சுவரின் மேல் விழும் மழையைவிட அதன் காலில் நிற்கும் தண்ணீர்தான் ஆபத்து. ஈரம் கீழிருந்து ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். அடி இளகியதும் மேல் பாரம் சுவரைச் சாய்த்துவிடும்.

எனவே கருங்கல் அஸ்திவாரம், தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை, இரண்டடி உயரமான பேஸ்மட்டம், அதன் தலையில் ஓதம் தடுக்கும் பூச்சு. இவை இல்லாமல் மண் சுவரே வேண்டாம். கூரை இறவாரம் இரண்டரை அடி வெளியே நீளட்டும். கரையானும் பேஸ்மட்டத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டியிருப்பதால் அது ஏறும் தடம் கண்ணில் படும்.

பூச்சில் பலர் தவறுகிறார்கள். "உறுதியாக இருக்கட்டும்" என்று மண் சுவரின் மேல் சிமென்ட் பூசுவார்கள். சிமென்ட் விறைப்பு, மண் நெகிழ்வு. எங்கேயாவது மயிரிழை வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போனால் வெளியேற வழியில்லை. இரண்டு மூன்று மழையில் பூச்சு பாளமாகப் பெயரும், பின்னால் சுவர் மாவாகியிருக்கும். மண் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, இல்லாவிட்டால் மண் பூச்சு. சுண்ணாம்பு மெதுவாக இறுகும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடி கல்லாகும், ஈரத்தையும் மூச்சு விட அனுமதிக்கும். சிமென்ட்டோ ஒரு டன் தயாரிக்கவே அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. அதில் பெரும்பகுதி எரிபொருளால் அல்ல, சுண்ணாம்புக்கல் பிரிவதாலேயே வருகிறது.

டெல்டாக் கடலோரத்தார் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், கீற்றையும் ஓட்டையும் காகிதம் போலப் பறித்துப் போட்டது. அங்கே ஓட்டுக் கூரை போட்டால் சட்டங்களைச் சுவரோடு கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும், சுவரின் தலையைச் சுற்றி ஒரு காங்கிரீட் பட்டை ஓட வேண்டும். இயற்கைப் பொருள் என்ற பிடிவாதத்தில் அந்தப் பட்டையை விட்டுவிடாதீர்கள்.

செலவு குறையுமா?

குறையும், ஆனால் நினைக்கிற இடத்தில் அல்ல. சுவர் என்பது வீட்டுச் செலவில் ஒரு பகுதிதான். கதவு, ஜன்னல், தரை, வயரிங், குழாய், கழிப்பறை எல்லாம் மண் வீட்டுக்கும் அதே விலை. சுவர் மொத்தச் செலவில் கால்பங்கு என்று வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சப்படுத்தினால், மொத்தத்தில் மிச்சம் வெறும் 5 சதவீதம். தெரிந்த ஆள் கிடைக்காமல் வெளியூரிலிருந்து குழுவை அழைத்தால் அதுவும் போய்விடும். இன்று நகரத்தார் ஆசைப்பட்டுக் கட்டும் பண்ணை மண் வீடுகள் பல, காங்கிரீட் வீட்டைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கின்றன. அது அழகுக்குக் கொடுக்கும் விலை, தப்பில்லை. அதைச் சிக்கன வீடு என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

உண்மையான மிச்சம் எங்கே என்றால், முதலில் பில்லரில். கெட்டியான நிலத்தில் ஒரு தள வீட்டுக்குக்கூட இப்போதெல்லாம் பில்லரும் பீமும் போடுகிறார்கள். நல்ல சுவரே பாரம் தாங்கும். அப்படிக் கட்டினால் கம்பியும் சிமென்ட்டும் பெருமளவு மிச்சம். கரிசல் நிலத்துக்கு இது பொருந்தாது, அங்கே எஞ்சினியர் பேச்சைக் கேளுங்கள். அடுத்து, பூச்சும் பெயின்ட்டும். சிமென்ட் சேர்த்து அழுத்திய கல்லை ஒழுங்காக அடுக்கினால் உள்ளும் புறமும் பூச வேண்டியதில்லை. மண் கல் கிடைக்காத ஊரில் செங்கல்லையே நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. பேக்கர் பரப்பிய முறை. அதே 9 அங்குலச் சுவருக்குக் கால்வாசிச் செங்கல் குறையும், நடுவிலுள்ள காற்று சூட்டையும் தடுக்கும். மூன்றாவது, பழைய கதவும் நிலையும். நாலாவதும் பெரியதும், வீட்டின் அளவு. 800 சதுர அடிக்குப் பதில் 600இல் முடித்து, திண்ணையைப் பெரிதாக விட்டால், எந்தப் பொருளாலும் தர முடியாத மிச்சம் அது.

வங்கிக் கடன் வேண்டுமானால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மண் சுவர் தற்காலிகப் பொருள் வகையில்தான் சேரும், மேலாளரின் மனதிலும் அப்படித்தான். எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட வரைபடம், கல்லின் வலிமைச் சோதனை அறிக்கை, தர நிர்ணய எண் மூன்றையும் கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கடைசியாக, எப்போது தொடங்குவது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வரும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தை, மாசியில் கல் அடித்து நனைத்துவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் அஸ்திவாரமும் சுவரும். வைகாசி, ஆனிக்குள் கூரை ஏறிவிட வேண்டும். ஆடி, ஆவணியில் தரையும் சுண்ணாம்புப் பூச்சும் நிதானமாக நடக்கலாம். பூச்சு மழைக்கு முன் இறுக அந்த அவகாசம் தேவை. கூரை ஏறாத சுவரின் தலையை ஒவ்வொரு மாலையும் தார்ப்பாயால் மூடச் சொல்லுங்கள், கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் ஆனியிலேயே சாரல் தொடங்கிவிடும். அங்கே எல்லாவற்றையும் ஒன்றரை மாதம் முன்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.